தோ

அவளை 'அந்த அம்மாள்' என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. 'அவர்' என்று எழுதலாம்தான், என்னைவிட நன்றாகவே மூத்தவள். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியின் குழந்தைக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவள் அவள். எழுபதுகளின் நடுவில், சாலைக்கு இரண்டு பக்கமும் புதுப்புதுக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எங்களுடையது நைலான் மீன்வலை. மெஷின் பின்னித் தள்ளுகிற வலையை மேஜைமேல் விரித்து, முடிச்சு விட்டுப்போன இடங்களைத் தேடிக் கையால் முடிய வேண்டும். அந்த வேலைக்கு முழுக்கப் பெண்கள்தான். பெண்கள் இவ்வளவு பேர் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால், காம்பவுண்டின் கோடியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு 'கிரச்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். நாங்கள் அதைப் பிள்ளைங்க ரூம் என்போம்.

அந்த ரூமில் எந்தப் பிள்ளையும் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. ஆயாம்மா, டீச்சரம்மா, எதுவும் கூடாது. அந்த வார்த்தை எந்த ரூபத்திலும் அவள்மேல் ஒட்டக் கூடாது. பேச்சு வருகிற வயதில் ஏதாவது ஒரு பிள்ளை 'ம்மா' என்று அவள் முந்தானையை இழுத்தால், "நான் இல்லடா கண்ணு, உங்கம்மா அதோ வலையாண்ட கீறா" என்று எங்கள் ஷெட் பக்கம் கையைக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் காட்டுவாள். அப்புறம் பிள்ளைகள் அவளை எப்படித்தான் கூப்பிடும்? எந்தத் தூளியில் அழுகை கேட்டாலும் "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று ஓடுவாள். பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டன. பசித்தால் தோ. பயந்தால் தோ. ஈரமாகிவிட்டால் தோ. நாங்களும் எங்களுக்குள் பேசும்போது அப்படியே சொல்வோம், நேரில் மட்டும் யக்கா.

ரூமைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஈ உட்காராது. மூத்திர நாற்றம் கிடையாது. பிள்ளைகளின் துணியை வெந்நீரில் போட்டு அலசுவாள். ஒரு பிள்ளையின் துண்டு இன்னொரு பிள்ளைக்குப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் நைலான் நூல் தைத்திருந்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட வலைக் கயிற்றை ஸ்டோர்காரரிடம் சண்டை பிடித்து வாங்கி, பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்குச் சுவர் ஓரமாக ரூமைச் சுற்றிக் கட்டியிருந்தாள். நிற்கப் பழகுகிற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டே சுற்றி வரும். அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம், அதில் சந்தேகமே இல்லை.

நிம்மதி எல்லாம் சாயங்காலம் சங்கு ஊதுகிற வரைக்கும்தான்.

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தர மாட்டாள். பொன்னேரிப் பக்கம் போகிற பாசஞ்சரைப் பிடிக்க நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம், அவள் நிதானமாக எங்கள் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுகூடப் பரவாயில்லை. "இன்னிக்கு இன்னா பண்ணான்யக்கா?" என்று கேட்டால், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதில்தான். "சாப்ட்டான், தூங்கினான், வெளிக்குப் போனான்." சிரித்தானா, யாரையாவது கடித்தானா, புதிதாக ஏதாவது செய்தானா, ஒன்றும் வாயிலிருந்து வராது. நாள் முழுக்கப் பிள்ளை முகம் பார்க்காமல் வருகிறவளுக்கு அதுதான் கிடைக்கும். மதியம் போய் ஒரு எட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் தடை. பால் குடிக்கிற பிள்ளையின் அம்மா மட்டும் வரலாம். பால் மறந்துவிட்டால் மதியம் அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது. "நீ மூஞ்சிய காட்டிட்டுப் பூடுவ, அது அழுவறத ஆரு பாக்கறது?" என்பாள்.

என் பக்கத்து மேஜையில் சரோஜா என்று ஒருத்தி. அவள் பெண் பிள்ளை ஒருநாள் வீட்டில் முதல்முறையாக 'தண்ணி' என்று சொல்லிவிட்டது. சரோஜா மறுநாள் காலையில் ரூம் வாசலிலேயே நின்று தோவிடம் ஆட்டம் ஆடிச் சொன்னாள். தோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்டியா? தண்ணின்னா? உன்னாண்டயா சொல்லிச்சு?" என்று அவள் ஆச்சரியப்பட்ட தினுசைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் பிள்ளை "தோ, தண்ணி, தோ, தண்ணி" என்று சரளமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சரோஜாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. அப்போதே யோசித்திருக்கலாம்.

இன்னொரு சம்பவம். ஜில்லாவிலேயே நல்ல காப்பகம் எது என்று பார்த்துப் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். பரிசு கிடைத்தால் ரூமுக்கு மின்விசிறி வாங்கித் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வைகாசி வெயிலில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வெந்துகொண்டிருந்தன, விசிறி என்றதும் எங்களுக்கெல்லாம் வாயில் எச்சில் ஊறியது. தாய்மார் சார்பில் நிற்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், எட்டாவது வரை படித்தவள் என்பதால். அதிகாரிக்கு எல்லாம் பிடித்திருந்தது. தூளியைத் தொட்டுப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியில் சரோஜாவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "இது நடக்குமா? பேசுமா? என்னென்ன சொல்லிக்கொடுத்திருக்கீங்க, ஒண்ணு செய்யச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

தோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அதெல்லாம் அவங்க அம்மாவத்தான் கேக்கணுங்க" என்றாள்.

"நாள் முழுக்க நீங்கதானே பார்த்துக்கறீங்க?"

"பாத்துக்கறேன். அதுக்காக நான் காட்டலாமா? பெத்தவளே இன்னும் சரியா பாக்கல, உங்களுக்கு எதுக்குங்க?"

மேனேஜர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அதிகாரி பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டார். பரிசு வேறு ஏதோ மில்லுக்குப் போனது, அங்கே பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினவாம். எங்கள் பிள்ளைகள் அந்தக் கோடை முழுக்க வேர்க்குருவோடு கிடந்தன. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைப் பிடித்து உலுக்கினோம். ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டோம். அவள் பனை விசிறியை எடுத்துத் தூளிகளுக்கு மாறி மாறி வீசிக்கொண்டிருந்தாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மகன் சேகருக்கு ஒரு வயது தாண்டி மாதங்கள் ஓடின, நடக்கவில்லை. பொன்னேரியில் எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, மூன்று பேர். அண்ணி என்று நான் கூப்பிடுகிற அந்த அக்கா, புருஷனை இழந்து தம்பியோடு வந்துவிட்டவள். பிள்ளைமேல் அவளுக்கு உயிர், என் வேலைமேல் எரிச்சல். விடியலில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். இருட்டிய பிறகு ரயிலில் தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவன் வீட்டில் விழித்திருப்பது, அன்றைக்கும் அண்ணி அவனை இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். அப்புறம் அவளே, "காலு வெளங்கல பாரு. கம்பெனியில பிள்ளைங்கள கட்டிப் போட்டு வெச்சிக்கீறாங்க, அதான்" என்பாள்.

அவள் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தோம். ஆரணி ஆற்று மணலில் குழி பறித்து, பிள்ளையை இடுப்பு வரைக்கும் நிறுத்தி மணலைத் தள்ளி மூடினாள், கால் பலப்படுமாம். அவன் அழுத அழுகை அக்கரைக்குக் கேட்டிருக்கும். நான் மணலைத் தோண்டிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆடி பொறக்கறதுக்குள்ள அவன் நடக்கணும். இல்லன்னா நீ வேலைக்குப் போவாத. பிள்ளைய நொண்டியாக்கிட்டு நமக்கு இன்னாத்துக்குச் சம்பளம்."

எனக்கு அந்த வேலை சோறு மட்டுமில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து விரலை ஓடவிட்டால் விட்டுப்போன முடிச்சு தானாகத் தட்டுப்படும், சூப்பர்வைசரே என்னிடம் வந்துதான் கேட்பார். வீட்டில் யார் என்னிடம் எதைக் கேட்டார்கள்? அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தினமும் சாயங்காலம் கேட்டேன். "யக்கா, சேகர் நிக்கறானா? ஒரு அடியாவது வெக்கறானா?"

"அவனுக்கு இன்னா அவசரம்? நடப்பான்" என்பாள்.

"இன்னிக்கு நடந்தானா?"

"சாப்ட்டான், தூங்கினான், வெளிக்குப் போனான்."

ஒருநாள் சங்கதி முழுவதையும் சொல்லி அழுதேன். ஆடி, வீட்டுக்காரர், மணல் குழி எல்லாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழம அவன இடுப்புலயே வெச்சிக்காதீங்க, தரையில வுடுங்க, வுட்டுட்டுப் பாத்துக்கினே இரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விட்டேன், பார்த்தேன். அவன் வீட்டுத் தரையில் சப்பென்று உட்கார்ந்து அத்தையைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

ஆனி கடைசியில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றதும் எங்களை வெளியே காற்றாட விட்டார்கள். தடையாவது மண்ணாவது என்று நான் பிள்ளைங்க ரூமின் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே என் மகன் ஒரு கையில் அலுமினிய மக்கைப் பிடித்துக்கொண்டு ரூமின் நடுவில் நடந்து போய்க்கொண்டிருந்தான். கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை. வழியில் ஒரு பிள்ளை படுத்திருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு போனான். நேற்றைக்கோ இன்றைக்கோ நடக்க ஆரம்பித்த பிள்ளை அப்படிப் போகாது. தண்ணீர்ப் பானையாண்ட போய் மக்கை வைத்துவிட்டு "தோ" என்றான்.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளே போனேன்.

"எத்தினி நாளா நடக்கறான்?"

அவள் மக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். எத்தினி நாளா?" முதல்முறையாக அவளை 'நீ' என்றேன்.

"நீ பாக்கறதுக்கு முந்தி நான் எப்டிமே சொல்றது?" என்றாள் தாழ்ந்த குரலில். "நாளெல்லாம் பிள்ளைய வுட்டுட்டு வேல செய்யற. மொத அடி, மொத பேச்சு, அதாவது பெத்தவளுக்கு இருக்கட்டும். எல்லாருக்கும் அப்டித்தான் செய்யறேன். ஊட்டாண்ட நடப்பான், நீ பாப்ப, காலைல வந்து என்னாண்ட சொல்லுவன்னு தெனம் பாத்துக்கினு கீறேன்."

"தெனம் கேட்டேனே, பொய் சொன்னியே."

அப்போதுதான் அவள் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னாள். அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை. "பட்டணத்துல ஒரு பங்களாவுல பிள்ளைய பாத்துக்கினு இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் அந்தம்மா கார்ல வந்து எறங்கினதும் ஓடிப் போயி, பாப்பா நடந்துச்சும்மா, என்னாண்ட வந்துச்சும்மான்னு சொன்னேன். அந்தம்மா மூஞ்சி அப்டியே செத்துப் போச்சு. நாளையிலருந்து வராதன்னுட்டாங்க. கோவத்துல சொல்லல. அழுதுகினே சொன்னாங்க."

"நீ சொன்னதால உன் வேல போச்சு" என்றேன். "நீ சொல்லாததால என் வேல போவப்போவுது."

அவள் மக்கைக் கீழே வைத்தாள். அன்றைக்கு முழுக்க யோசித்திருக்கிறாள் போலிருக்கிறது. சாயங்காலம் என் கையைக் கழுவச் சொல்லக்கூட மறந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழம நான் உங்க ஊட்டுக்கு வந்து சொல்றேன்" என்றாள்.

வந்தாள். ரயிலேறி வந்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு. நான் காபி போட்டேன். வீட்டுக்காரர் பாயை விரித்தார், அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் பார்த்ததைச் சொன்னபோது ஏற்காதவர்கள் அவள் சொன்னால் கேட்பார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் என் தலைவலி தீர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். தோ பைக்குள் கையை விட்டு வலைக் கயிற்றை எடுத்தாள். "அந்த ஜன்னல் கம்பிலருந்து இந்தக் கதவு வரைக்கும் கட்டிட்டா, பிள்ள இத்த புடிச்சிக்கினு..." என்று ஆரம்பித்தாள்.

அண்ணி சிரித்தாள். "நைனா, பாத்தியா? நான் சொன்னனா இல்லியா? பிள்ளைங்கள கட்டிப் போடற கயிறு இதான்" என்றாள் தம்பியிடம்.

கயிறு எதற்கு என்று நான் விளக்கினேன், தோவும் விளக்கினாள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன விளக்கினாலும் எடுபடவில்லை. தோ அதைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூடத்தின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டி "வாடா கண்ணு" என்றாள். சேகர் அவளைப் பார்த்துச் சிரித்தான், பிறகு அத்தையின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். எப்போதும் எங்கே பார்க்கிறோமோ அங்கே இல்லாமல் அவளை வேறு இடத்தில் பார்த்தது அவனுக்கு விளங்கவில்லையோ என்னவோ.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முழங்காலைக் கட்டிக்கொண்டு தோவின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "நீங்களே சொல்லுங்க. அங்க அவன் நடக்கறானாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சண்டை இல்லை. தன் மகன் நடக்கிறான் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிற தகப்பன் முகம் அது.

அவள் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை தூரம் வந்தாள். வாயைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இன்னிக்கோ நாளைக்கோ நடந்துடுவான் சாமி. நீங்களே பாப்பீங்க, உங்க கண்ணால."

எனக்கு அங்கேயே அவள் தலையில் காபிச் சொம்பைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. "யக்கா, அவன் நடக்கறான், நான் பாத்தேன், சொல்லேன்" என்று கெஞ்சினேன். அவள் கண் கலங்கிப்போய் என்னைப் பார்த்தாளே தவிர, வாய் வரவில்லை. வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வேலைக்காகப் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் அவளை நான் வழியனுப்பப் போகவில்லை.

ஆடி முதல் தேதி நான் வேலைக்குப் போகவில்லை. அந்த வாரமே ஒருநாள், நான் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தபோது எங்கள் வீட்டிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. சேகர் உட்கார்ந்திருந்தான், கன்னத்தில் அத்தை கொடுத்த முத்தத்தின் வெற்றிலை எச்சில் சிவப்பாக இருந்தது. கதவோரத்திலிருந்து அடுப்பாண்ட வரைக்கும் நடந்து அத்தையிடம் போனானாம். "அவ வேலைய வுட்டா, பிள்ள நடந்துச்சு பாத்தியா" என்றாள் அண்ணி வந்தவர்களிடமெல்லாம். ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கே கூழ் ஊற்றினாள். நான்தான் கிளறினேன்.

அதற்கப்புறம் நான் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. எப்போதாவது பேச்செடுத்தால் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நீ வேலைய வுட்டப்பறந்தானே பிள்ளயே நடந்தான்" என்பார். அதற்கு முன்பே அவன் நடந்ததை, என்னைத் தவிரக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருத்திதான் இருந்தாள்.

சில வருஷம் கழித்துப் பொன்னேரி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். சேகர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். அவள் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். இவளை எங்காவது பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுப்படியில் நின்றபடி நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேராகப் போய் எதிரில் நின்றேன்.

அவள் முந்திக்கொண்டாள். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சேகர் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுமே. இத்தினி வருசமா மனசுல கெடந்து அரிக்குது. ஊட்டாண்ட நடந்தானே, மொதல்ல பாத்தது நீதானே?" என்றாள்.

அவள் பிடி இறுகியது. தினமும் துணி அலசிக் காய்த்துப்போன கை.

"நான்தான்யக்கா பாத்தேன்" என்றேன்.

"உன்னாண்டயா வந்தான்?"

"என்னாண்டதான் வந்தான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி நகரும்வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.